ஒரு கூழ்ப் பானை கற்பிக்கும் போசணைப் பாடம்

"வயிறு நிறைந்துவிட்டது" என்பதும் "உடலுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது" என்பதும் ஒரே பொருள் தரும் வாக்கியங்கள் அல்ல. மூன்று துண்டு பாணும் சீனி போட்ட தேநீரும் வயிற்றை நிரப்பிவிடும். ஆனால் குருதியை உண்டாக்க இரும்பு வேண்டும்; எலும்பை வளர்க்கக் கல்சியமும் புரதமும் வேண்டும்; கண்ணுக்கு விற்றமின் ஏ வேண்டும்; மூளைக்கு அயடீன் வேண்டும். இவை கிடைக்காத உடல் கூச்சலிட்டுக் கேட்பதில்லை. மெல்ல மெல்லச் சோர்கிறது; படித்தது மனதில் நிற்க மறுக்கிறது; சிறு காய்ச்சலும் நெடுநாள் நீடிக்கிறது. வயிறு நிறைந்திருக்கும்போதே உடல் பட்டினி கிடக்கும் இந்த நிலையைத்தான் 'மறைபசி' என்று அறிஞர் அழைக்கின்றனர்.

விஞ்ஞான ஆசிரியையாகிய நான் போசணையைப் பற்றி வகுப்பறையில் கற்பிக்கும்போது, மாணவிகள் அட்டவணையை மனனம் செய்து பரீட்சையில் எழுதிவிடுவார்கள். "விற்றமின் சீ குறைந்தால் ஸ்கேவி, விற்றமின் டீ குறைந்தால் என்புருக்கி" என்று தடையின்றிச் சொல்வார்கள். ஆனால் அன்று காலை என்ன உண்டீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஆகவே இக்கட்டுரையில் அட்டவணையை விட்டுவிட்டு, ஒரு பானையிலிருந்து பாடத்தைத் தொடங்கப் போகிறேன்.

கரம்பொன்னும் ஒடியற் கூழும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவுப்பகுதிக்குச் செல்லும் வீதி ஊர்காவற்றுறையில் போய் முடிகிறது. அதற்கு அருகிலுள்ள ஊர்தான் கரம்பொன். தமிழை உலக அரங்கிற்குக் கொண்டு சென்ற தனிநாயகம் அடிகளார் 1913இல் பிறந்த மண் அது. இதழ் வாசகர்கள் அந்தப் பெயரை இலக்கியத்தின் வழியாக அறிந்திருப்பீர்கள். நான் அறிந்தது உணவின் வழியாக. எனது பணியின் தொடக்க ஆண்டுகளில் அந்தப் பக்கத்தில் வீடொன்றில் தங்கியிருந்தேன். பனைமரமும் கடலும்தான் அங்கே கண்ணுக்கு முதலில் தெரிபவை. பல கிணறுகளில் நீர் உவர். சுண்ணாம்புக் கல்லின் மேல் மழைநீர் மெல்லிய படையாகத் தங்கி நிற்கிறது. அதற்குக் கீழே கடல்நீர். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். இப்படிப்பட்ட நிலத்தில் நெல்லை மட்டும் நம்பி வாழ முடியாது. ஆகவே தீவு மக்கள் பனையையும் கடலையும் ஒரு பானைக்குள் சேர்த்தார்கள். அதுவே ஒடியற் கூழ்.

பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்தால் சில மாதங்களில் கிழங்கு விடும். அக்கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் பச்சையாகப் பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். ஒடியலை இடித்து அரித்த மாவே கூழின் அடிப்படை. அதனோடு சிறு மீன், மீன்தலை, நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, ஒரு பிடி அரிசி, முருங்கையிலை, அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள், பழப்புளி, உப்பு ஆகியவை சேரும். பனையோலைப் பிளாவிலோ சிரட்டையிலோ ஊற்றிக் குடிப்பார்கள். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் பானை ஒன்றுதான். அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

இப்போது இந்தப் பானையிலுள்ள ஒவ்வொன்றையும் எடுத்து, அது உடலுக்குள் சென்று என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

மாவு: உடலின் எரிபொருள்

ஒடியல் மா, அரிசி, மரவள்ளி, பலாக்கொட்டை ஆகியவற்றில் பெருமளவு இருப்பது மாப்பொருள். இது காபோவைதரேற்று வகையைச் சேர்ந்தது. வாயிலும் சிறுகுடலிலும் சுரக்கும் நொதியங்கள் அதைக் குளுக்கோசாக உடைக்கின்றன. குளுக்கோசு குருதியில் கலந்து ஒவ்வொரு கலத்துக்கும் சென்று சக்தியைத் தருகிறது. ஒரு கிராம் காபோவைதரேற்று ஏறத்தாழ 4 கிலோ கலோரி சக்தியைத் தரும். புரதமும் அதே அளவு தரும். கொழுப்பு மட்டும் ஒரு கிராமுக்கு 9 கிலோ கலோரி தரும்.

எல்லா மாவும் ஒன்றுபோல வேலை செய்வதில்லை. நன்றாகத் தீட்டிய கோதுமை மாவில் தவிடும் முளையும் நீங்கிவிடுகின்றன. அதில் செய்த பாண் விரைவாகச் சமிபாடடைகிறது. குருதியில் குளுக்கோசு சடுதியாக உயர்ந்து, பின்னர் தாழ்கிறது. அதனால்தான் காலையில் பணிஸ் மட்டும் உண்டு வரும் பிள்ளைக்கு மூன்றாம் பாடவேளையிலேயே பசிக்கிறது. ஒடியல் மாவிலும், தவிடு நீக்காத அரிசியிலும், குரக்கனிலும் நார்ப்பொருள் மிகுதி. நார்ப்பொருள் சமிபாடடையாது, ஆனால் சமிபாட்டின் வேகத்தைக் குறைக்கும், மலச்சிக்கலைத் தடுக்கும், குடலில் வாழும் நன்மை தரும் பக்றீரியாக்களுக்கு உணவாகும்.

ஒடியல் மாவுக்கு ஒரு கைப்பு உண்டு. நான் தங்கியிருந்த வீட்டு அம்மா அதை நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து, புதிய நீர் ஊற்றி, மீண்டும் வடிப்பார். "ரீச்சர், மாவை இரண்டு மூண்டு தண்ணி மாத்தாமல் அடுப்பில வைக்கப்படாது. கைப்பு நிண்டிடும்" என்பார். இது நாவின் சுவைக்காக மட்டும் அல்ல. ஊறவைத்துக் கழுவும்போது உடலுக்கு ஒவ்வாத கரையக்கூடிய பொருட்களும் நீருடன் வெளியேறிவிடுகின்றன. பச்சை மரவள்ளியை நன்றாக அவித்து நீரை வடித்து உண்பதும் இதே காரணத்தால்தான். அதில் சயனைட்டைத் தோற்றுவிக்கும் பொருள் உண்டு. போசணை என்பது உணவில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பொறுத்ததல்ல, அதை எப்படிச் சமைக்கிறோம் என்பதையும் பொறுத்தது. இதை எழுத்தறியாத பாட்டிமாரும் அறிந்திருந்தார்கள்.

மீனும் பயறும்: உடலைக் கட்டும் பொருள்

தசை, தோல், முடி, நொதியம், நோயெதிர்ப்புப் பொருள் என உடலின் பல பகுதிகள் புரதத்தால் கட்டப்பட்டவை. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த மாலை போன்றது. இருபது வகை மணிகளில் ஒன்பதை வளர்ந்தவர்களின் உடலால் தேவையான அளவு செய்துகொள்ள முடியாது. உணவிலிருந்தே பெற வேண்டும். மீன், நண்டு, இறால், முட்டை, இறைச்சி, பால் ஆகியவற்றில் அந்த ஒன்பதும் நல்ல அளவில் உண்டு.

தாவர உணவில் ஒன்றில் உள்ளது மற்றொன்றில் குறைவாக இருக்கும். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பிலும் பயற்றிலும் அது மிகுதி. பயற்றில் மெதியோனின் குறைவு; அரிசியில் அது போதிய அளவு உண்டு. சோறும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. ஆகவே மீனோ இறைச்சியோ வாங்க முடியாத நாளில் "இன்றைக்குச் சத்து இல்லை" என்று பெற்றோர் வருந்த வேண்டியதில்லை. சோறு, பருப்பு, ஒரு கீரை, ஒரு முட்டை இருந்தால் அது நல்ல உணவே.

சிறு மீனுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. சூடை, நெத்தலி போன்றவற்றை முள்ளோடு மென்று உண்ணலாம். அந்த முள்ளில் கல்சியம் இருக்கிறது. சூடை போன்ற எண்ணெய் மீன்களில் ஒமேகா-3 வகைக் கொழுப்பும் உண்டு. இது இதயத்துக்கும், கருவிலுள்ள குழந்தையின் மூளை, கண் வளர்ச்சிக்கும் உதவுகிறது. விலை கூடிய மீனே சத்தான மீன் என்பது தவறான எண்ணம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சூடை பல வகையில் மேலானது.

முருங்கையிலை: சிறிதளவில் பெரும்பணி செய்வன

காபோவைதரேற்று, புரதம், கொழுப்பு ஆகியவை நாள்தோறும் பல கிராம் கணக்கில் தேவை. விற்றமின்களும் கனியுப்புகளும் மில்லிகிராம், மைக்ரோகிராம் கணக்கில்தான் தேவை. ஆனால் அந்தச் சிறிதளவு இல்லையென்றால் உயிரே போய்விடும். இதை மனிதர் கண்டறிந்த கதை கடலோடும் அரிசியோடும் தொடர்புடையது.

கப்பலில் பல மாதங்கள் பயணித்த மாலுமிகளுக்கு ஈறு வீங்கிக் குருதி கசியும், பழைய புண்கள் திறக்கும், பலர் இறந்தனர். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் நோயுற்ற பன்னிரண்டு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். ஊர்காவற்றுறைக் கடலில் ஒல்லாந்தரின் கப்பல்கள் நங்கூரமிட்ட காலம் அது. வேலணைத் தீவுக்குத் தங்கள் நாட்டு நகரொன்றின் பெயரால் 'லெய்டன்' என்று பெயரிட்டவர்கள் அவர்கள். அவர்களது கப்பல்களையும் வாட்டிய நோய்தான் ஸ்கேவி. அதற்கு மருந்தான தேசிக்காய் நம் வீட்டு வேலியோரம் காய்க்கிறது.

அடுத்த கதை யாவாத் தீவில் நடந்தது. கால் மரத்து, இதயம் பலமிழக்கும் பெரிபெரி நோயைக் கிருமியால் வருவது என்று எண்ணி ஆராய்ந்துகொண்டிருந்தார் கிறிஸ்தியான் ஐக்மன் என்ற ஒல்லாந்த மருத்துவர். 1890 அளவில், அவர் வளர்த்த கோழிகளுக்கும் அதே போன்ற நோய் கண்டது. வைத்தியசாலைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளைச் சோறு அவற்றுக்குக் கொடுக்கப்பட்டு வந்தது. அச்சோறு நின்று, தீட்டாத அரிசி கொடுக்கப்பட்டதும் கோழிகள் குணமடைந்தன. தவிட்டோடு நீங்கிவிடும் ஏதோ ஒன்று இல்லாமைதான் நோய்க்குக் காரணம் என்பதை அவருக்குப் பின் அங்கு பணியாற்றிய கிறைன்ஸ் 1901இல் தெளிவாக்கினார். 1912இல் காசிமிர் பங்க் இத்தகைய பொருட்களுக்கு 'விற்றமின்' என்ற பெயரை இட்டார். 1929இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் இருந்த அந்தப் பொருளை இன்று விற்றமின் பீ1 அல்லது தயமின் என்கிறோம்.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்துக் குற்றும்போது, தயமினில் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே புழுங்கலரிசியில் பச்சையரிசியைவிடத் தயமின் கூடுதலாக எஞ்சுகிறது. யாழ்ப்பாணத்தார் விரும்பி உண்ணும் மொட்டைக்கறுப்பன் புழுங்கலரிசியைப் 'பழைய காலத்துச் சாப்பாடு' என்று ஒதுக்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

கூழுக்கு முருங்கையிலையைக் கடைசியில்தான் போடுவார்கள். "முதல்ல போட்டால் நிறமும் போம், சத்தும் போம்" என்பது அந்த அம்மாவின் விளக்கம். விற்றமின் சீ வெப்பத்தால் அழியும், நீரில் கரைந்து போகும் என்பது எனது விளக்கம். இரண்டும் ஒன்றே. ஆனால் முருங்கையிலையிலும் பனம்பழத்தின் செம்மஞ்சள் களியிலும் உள்ள கரோட்டின் சமைத்தாலும் பெருமளவு நிலைத்திருக்கும். உடல் அதை விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. விற்றமின் ஏ, டீ, ஈ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைபவை. ஆகவே கீரையைச் சிறிது தேங்காய்ப்பாலோடோ எண்ணெயோடோ சமைப்பது வீண் ஆடம்பரம் அல்ல. விற்றமின் டீயைத் தோல் சூரிய ஒளியின் உதவியால் செய்துகொள்கிறது. நாள் முழுவதும் அறைக்குள்ளேயே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் வீட்டு முற்றத்தில் சற்று நேரம் வெயில் படும்படி இருப்பது நல்லது.

உப்பு: ஒரு தவறான நம்பிக்கை

தீவில் வாழ்வோரிடம் நான் அடிக்கடி கேட்ட ஒரு வாதம் உண்டு. "நாங்கள் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், எங்கள் உப்பும் கடலுப்புத்தான், எங்களுக்கு அயடீன் எதற்கு?" என்பார்கள். கடல் மீனில் அயடீன் உண்டு என்பது உண்மை. ஆனால் கடல்நீரைக் காய்ச்சியோ வெயிலில் வற்றவிட்டோ பெறும் உப்பில் அயடீன் மிகச் சொற்பமே எஞ்சுகிறது. ஆனையிறவு உப்பானாலும் அப்படித்தான். அயடீன் சேர்த்தால்தான் அதில் அயடீன் இருக்கும். இலங்கையில் 1995ஆம் ஆண்டு முதல் மனிதர் உண்ணும் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது.

அயடீனைக் கொண்டு கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி தைரொட்சினைச் செய்கிறது. அயடீன் குறைந்தால் அச்சுரப்பி வீங்கிக் கழுத்துக் கழலை தோன்றும். அதைவிடப் பெரிய தீங்கு கண்ணுக்குத் தெரியாதது: கர்ப்பிணித் தாய்க்கு அயடீன் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம் மட்டுமே, கர்ப்பிணிக்கு 250. வாழ்நாள் முழுவதும் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி அளவுதான். அந்த ஒரு தேக்கரண்டி ஒரு பிள்ளையின் அறிவை நிர்ணயிக்கக்கூடும். அயடீன் உப்பை மூடியுள்ள பாத்திரத்தில், அடுப்பின் சூட்டுக்கும் வெயிலுக்கும் எட்டாமல் வையுங்கள். சமையலின் இறுதியில் சேருங்கள்.

ஆனால் உப்பு மிகுந்தால் குருதியமுக்கம் உயரும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு மட்டத் தேக்கரண்டிக்குக் குறைவாக உண்ணும்படி உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கருவாடு, ஊறுகாய், மிக்சர், உடனடி நூடில்சுக்கு வரும் சுவைத்தூள் ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் அடங்கும்.

இரும்பு: நம் பிள்ளைகளின் வழக்கு

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விடயத்துக்கு இப்போது வருகிறேன். முன்பு நான் கற்பித்த ஒரு பாடசாலையில் பத்தாம் தரத்தில் ஒரு மாணவி இருந்தாள். கெட்டிக்காரி. ஆனால் அவ்வாண்டு அவளுடைய புள்ளிகள் குறைந்துகொண்டே வந்தன. வகுப்பில் தூங்கி வழிவாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். "சரியான சோம்பேறி, கைத்தொலைபேசியோடு இருந்துவிட்டு நித்திரை கொள்ளுகிறாள்" என்று வீட்டிலும் ஏச்சு, பாடசாலையிலும் ஏச்சு. ஒரு நாள் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். வைத்தியசாலையில் குருதியைப் பரிசோதித்தார்கள். ஈமோகுளோபின் 8 என்றார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு 100 மில்லிலீற்றர் குருதியில் 12 கிராமாவது இருக்க வேண்டும். அவளுக்கு இருந்தது சோம்பல் அல்ல, குருதிச்சோகை. அவளுடைய தாய் அழுதார். "பிள்ளை பசியென்று ஒரு நாளும் சொல்லவில்லையே ரீச்சர்" என்றார்.

பசி இருந்திருக்காது, இரும்பு இல்லாமல் இருந்தது. செங்குருதிக் கலத்திலுள்ள ஈமோகுளோபினே நுரையீரலிலிருந்து ஒட்சிசனைச் சுமந்து உடலெங்கும் கொண்டு செல்கிறது. அதன் மையத்தில் இருப்பது இரும்பு. இரும்பு குறைந்தால் ஒட்சிசன் குறையும். மூளையும் தசையும் சோரும். மாதவிடாயால் மாதந்தோறும் குருதி இழப்பதோடு, வளரும் வயதாகவும் இருப்பதால், 14 முதல் 18 வயது வரையான மாணவிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் இரும்பு உணவில் தேவை. அதே வயது ஆணுக்கு 11 போதும். ஆனால் வீடுகளில் பெரிய மீன்துண்டு யாருடைய பீங்கானில் விழுகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கணக்கொன்று போடுவோம். 100 கிராம் பச்சை முருங்கையிலையில் ஏறத்தாழ 4 மில்லிகிராம் இரும்பு உண்டு. ஒருவர் ஒரு வேளையில் உண்பது 25 கிராம் என்றால் கிடைப்பது ஒரு மில்லிகிராம். அதிலும் தாவர உணவிலுள்ள இரும்பில் சிறு பகுதியையே குடல் அகத்துறிஞ்சும். இறைச்சி, ஈரல், மீன் ஆகியவற்றிலுள்ள 'ஈம்' வகை இரும்பு அதைவிடப் பன்மடங்கு எளிதாக உறிஞ்சப்படும். ஆகவே "கீரை தின்றால் போதும்" என்பது முழு உண்மை அல்ல. கீரையோடு வேறு சிலவும் சேர வேண்டும்.

முதலாவது, விற்றமின் சீ. கீரைக்கும் பருப்புக்கும் தேசிக்காய் பிழிந்தால், அல்லது உணவோடு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ உண்டால், தாவர இரும்பு எளிதாக உறிஞ்சப்படும். இரண்டாவது, சிறிதளவு மீனோ இறைச்சியோ. அது தன் இரும்பைத் தருவதோடு, அதே வேளையில் உண்ட கீரையின் இரும்பையும் உறிஞ்ச உதவும். கூழ்ப் பானையில் முருங்கையிலையும் மீனும் ஒன்றாகக் கிடப்பது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். மூன்றாவது, தேநீரைத் தள்ளிவைப்பது. தேயிலையிலுள்ள தனின் தாவர இரும்போடு பிணைந்து அதை உறிஞ்சவிடாமல் தடுக்கும். உணவோடு தேநீர் குடித்தால் உறிஞ்சப்படும் இரும்பு பாதிக்கு மேல் குறையக்கூடும். சாப்பிட்டவுடன் பிளேன்ரீ குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் ஊறிப்போனது. தேநீரை விடச் சொல்லவில்லை. உணவுக்கு ஒரு மணி நேரம் பிந்திக் குடியுங்கள் என்கிறேன்.

அந்த மாணவிக்கு வைத்தியர் இரும்பு வில்லைகள் கொடுத்தார். அத்தோடு வீட்டு உணவும் மாறியது. சில மாதங்களில் அவளுடைய முகத்தில் குருதி ஊறியது, புள்ளிகளும் ஏறின. பாடசாலையில் இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்த வில்லை தரப்படும்போது அதைச் சப்பாத்துக்குள் ஒளிப்பவர்களும் யன்னலுக்கு வெளியே எறிபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். போலிக் அமிலம் உங்கள் எதிர்காலத்துக்கும் உரியது. கரு உருவான முதல் நான்கு வாரங்களிலேயே குழந்தையின் முள்ளந்தண்டும் மூளையும் உருவாகும் குழாய் மூடிவிடுகிறது. தாய் தான் கர்ப்பிணி என்று அறிவதற்கு முன்பே அது நடந்துவிடும். அப்போது உடலில் போலிக் அமிலம் இருந்தாக வேண்டும்.

கூழில் இல்லாதவை

பழைய உணவு எல்லாமே நல்லது, புதியது எல்லாமே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கூழில் உப்பும் உறைப்பும் கூடிவிடுவதுண்டு. பால், முட்டை, பச்சைப் பழம் ஆகியவை அதில் இல்லை. நீரிழிவு உள்ளவர் அளவறிந்தே குடிக்க வேண்டும். மா மிகுந்தால் அதுவும் சீனியாகத்தான் மாறும். எந்த ஓர் உணவிலும் எல்லாச் சத்தும் இல்லை. கூழ் கற்பிப்பது 'பலவற்றைச் சேர்' என்ற விதியைத்தான். அதே விதியைக் கருதித்தான் 1973இல் நம் நாட்டில் திரிபோஷ திட்டம் தொடங்கப்பட்டது. சோளமும் சோயாவும் கலந்து, விற்றமின்களும் கனியுப்புகளும் சேர்த்து, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் அது வழங்கப்படுகிறது. தானியமும் அவரையினமும் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும் என்று மேலே கண்டோமல்லவா, அதுவே இங்கும்.

நம் வீட்டு நோன்புக் கஞ்சியும் இதே விதியில் அமைந்ததுதான். அரிசி, இறைச்சித் துண்டு, வெந்தயம், இஞ்சி, உள்ளி, தேங்காய்ப்பால் எல்லாம் ஒரே பானையில் வேகின்றன. பேரீச்சம்பழமும் நீரும் கஞ்சியும் நோன்பு திறக்க நிறைவான உணவு. அதன் மேல் அடுக்கும் சமோசா, ரோல்ஸ், கட்லட், நிறமூட்டிய சர்பத் ஆகியவைதான் எண்ணெயையும் சீனியையும் அளவுக்கு மீறச் சேர்க்கின்றன. சஹருக்கு வெறும் தேநீரோடு படுத்துவிடாமல் புழுங்கலரிசிச் சோறு, முட்டை அல்லது பருப்பு, ஒரு பழம், போதிய நீர் என்று உண்டால் பகற்பொழுதில் பாடமும் தளராது.

வீட்டில் கடைசியாக உண்பவர் யார்?

பெற்றோரிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் எல்லாரும் உண்ட பின் கடைசியாக உண்பவர் யார்? சட்டியின் அடியில் மீன் தீர்ந்து குழம்பு மட்டும் மிஞ்சும்போது அதைச் சோற்றில் ஊற்றிக்கொள்பவர் யார்? பெரும்பாலும் தாய், அவருக்கு உதவி செய்யும் மூத்த மகள். இரும்பு அதிகம் தேவைப்படும் இருவருக்கும் இரும்பு குறைந்த பங்கு போய்ச் சேர்கிறது. இதை மாற்றப் பணம் வேண்டாம். பங்கிடும் கையை மாற்றினால் போதும். சமைத்தவுடன் தாய்க்கும் மகளுக்கும் உரிய துண்டை முதலில் எடுத்து மூடி வையுங்கள்.

மாணவிகளுக்கு நான் சொல்வதும் எளியதே. காலை உணவைத் தவிர்க்காதீர்கள். மெலிய வேண்டும் என்று வளரும் வயதில் பட்டினி கிடக்காதீர்கள். இருபது வயதுக்குள் கட்டும் எலும்புதான் அறுபது வயதில் உங்களைத் தாங்கப் போகிறது. கிழமையில் சில நாட்களாவது கீரையும் சிறு மீனும் உண்ணுங்கள். நாளுக்கு ஒரு பழம் உண்ணுங்கள். கொய்யா தோடம்பழத்துக்கு எவ்வகையிலும் குறைந்ததல்ல, அதைவிடக் கூடிய விற்றமின் சீ அதில் உண்டு. களைப்பு, மூச்சு வாங்குதல், உள்ளங்கை வெளிறுதல், மண்ணோ பச்சையரிசியோ தின்னும் ஆசை ஆகியவை தொடர்ந்தால் வெட்கப்படாமல் தாயிடம் சொல்லுங்கள்; வைத்தியசாலையில் குருதியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வைத்தியரைக் கேளாமல் வில்லைகளை வாங்கி விழுங்காதீர்கள். இரும்பு மிகுந்தாலும் தீங்குதான்.

இன்று உங்கள் வீட்டில் மதிய உணவு பரிமாறப்படும்போது ஒரு தாளை எடுத்து, பீங்கானில் உள்ளதை ஐந்து வரியில் எழுதுங்கள்: சக்தி தருவது எது, உடலைக் கட்டுவது எது, இரும்பு தருவது எது, அந்த இரும்பை உறிஞ்ச உதவுவது எது, இன்று இல்லாதது எது. ஐந்தாவது வரியில் எழுதியதை நாளைக்குச் சமைக்கச் சொல்லுங்கள். சொல்வதோடு நிற்காமல் கூடநின்று சமையுங்கள்.